சுவர்ல எழுதினா யாருக்குக் கோபம் வருது?

(இது எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கியிருக்கிறோம்; பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

இன்னைக்கு எபிசோட் ஒரு சுவரைப் பத்தினது. எங்க வீட்டு காம்பவுண்டு சுவர்.

எங்க வீடு ஈக்காட்டுத்தாங்கல்ல இருக்கு. மெட்ரோவில் இறங்கி நடந்தா பத்து நிமிஷம். அடையாறு எங்க தெருவுக்குக் கூப்பிடு தூரம். சுவர் ஐந்தடி உயரம் இருக்கும். கேட்டுக்கு வலது பக்கம் நீல பெயின்ட்ல "விளம்பரம் செய்யாதீர்கள்"னு அப்பா எழுதி வெச்சிருந்தார். அதுக்குக் கீழேயே டியூஷன் நோட்டீஸ், மூல வியாதி டாக்டர் நோட்டீஸ், வீடு வாடகைக்கு நோட்டீஸ் எல்லாம் வரிசையா ஒட்டியிருக்கும். சுவர்ல எழுதக் கூடாதுன்னு சுவர்லயே எழுதி வெச்சா, எழுதலாம்னு நாமளே வழி காட்டின மாதிரி ஆயிடுது போல.

அந்தச் சுவரை ஒட்டி, புங்க மர நிழல்ல, ஒரு இஸ்திரி வண்டி நிக்கும். நான் ஸ்கூல் படிக்கிற காலத்துல இருந்தே நிக்குது. அந்த அண்ணனை தெருவே "இஸ்திரி அண்ணே"ன்னுதான் கூப்பிடும்.

2015 டிசம்பர் 1 ராத்திரி. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு சுமார் 29,000 கனஅடி வரை தண்ணீர் திறந்துவிடப்பட்டது. அடையாறு கரை தாண்டியது. ஈக்காட்டுத்தாங்கல், ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம்னு ஆத்தோரம் இருந்த எல்லா ஏரியாவும் முழுகியது. எங்க கீழ் போர்ஷன்ல குடியிருந்தவங்க மாடிக்கு ஏறி வந்தாங்க. இஸ்திரி வண்டி மிதந்து போயிடுச்சு. ரெண்டு நாள் கழிச்சு தெருக் கோடியில ஒரு லாரிக்கு அடியில மாட்டிக்கிட்டு கிடந்தது. இஸ்திரிப் பெட்டி போச்சு. வாடிக்கையாளர்களோட துணி மூட்டையும் போச்சு. அந்தத் துணிகளுக்கெல்லாம் அவர் ஒவ்வொரு வீடா போய் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

சேறு வழிச்சு முடிச்ச பிறகு ஒரு நாள், எங்கேயோ மிச்சம் இருந்த சிவப்பு பெயின்ட்டை ஒரு டப்பாவில் எடுத்துட்டு வந்தார். சுவர்ல சேத்துக் கறை எது வரைக்கும் இருந்ததோ, அதுக்கு நேரா ஒரு கோடு போட்டார். பக்கத்துல "2.12.15 தண்ணி"ன்னு எழுதினார். எங்களை யாரையும் கேட்கலை. நாங்களும் ஒண்ணும் சொல்லலை. அந்த வாரம் யாரும் யாரையும் எதுவும் சொல்ற நிலைமையில இல்லை.

நாலு வருஷம் அந்தக் கோடு இருந்தது. 2019-ல கீழ் போர்ஷன் காலியாச்சு. வீடு பார்க்க வந்தவர் ஒருத்தர் கேட்டுக்கிட்ட நின்னு, "இது என்ன சார் கோடு?"ன்னு கேட்டார். அப்பா சொன்னார். அவர் திரும்ப போன் பண்ணவே இல்லை. அடுத்து வந்த குடும்பமும் அப்படித்தான். மூணாவது ஆள் வர்றதுக்குள்ள அப்பா பெயின்டரைக் கூப்பிட்டு ரெண்டு கோட்டிங் எமல்ஷன் அடிச்சுட்டார். கலர் செலக்ட் பண்ணினது நான்தான்.

மறுநாள் காலையில இஸ்திரி அண்ணே வந்து வண்டியை நிறுத்தினார். சுவரைப் பார்த்தார். "புது பெயின்ட்டா சார்? நல்லா இருக்கு"ன்னு மட்டும் சொன்னார்.

இந்த எபிசோட் அங்கிருந்துதான் தொடங்குது. அந்தக் கோட்டை நாங்க அழிச்சது சரியா? சுவர் எங்களோடது, அதுல சந்தேகமே இல்லை. ஆனா இதே நான், கார்ப்பரேஷன் சுவர்ல வரைஞ்ச படத்துக்கு முன்னாடி நின்னு செல்ஃபி எடுத்திருக்கேன். கட்சிக்காரங்க எழுதின சுவரைத் தினமும் கண்டுக்காம கடந்து போயிருக்கேன். ஒரு சுவர் எழுத்தை ரசிக்கிறோம், இன்னொண்ணைச் சகிச்சுக்கிறோம், மூணாவதை அழிக்கிறோம். எதை வெச்சு இதை முடிவு பண்றோம்?

முதல்ல, எது கிராஃபிட்டி?

வெளிநாட்டுல இதை ரெண்டா பிரிப்பாங்க. அனுமதி இல்லாமல், பெரும்பாலும் ராத்திரியில, தன் பெயரையோ ஒரு வாசகத்தையோ ஸ்ப்ரே பெயின்ட்ல எழுதுறது கிராஃபிட்டி. அனுமதியோட பெரிய சுவர்ல வரையிறது மியூரல். நடுவுல இருக்கிற எல்லாத்துக்கும் ஸ்ட்ரீட் ஆர்ட்னு பொதுவா ஒரு பேர்.

நியூயார்க்ல 1970-கள்ல சப்வே ரயில் பெட்டிகள் முழுக்க கிராஃபிட்டி. அரசாங்கம் அதை ஒரு சுத்தப் பிரச்சினையா மட்டும் பார்க்கலை. நகரம் கைமீறிப் போயிடுச்சுங்கறதுக்கு அடையாளமாப் பார்த்தது. 1982-ல ஜேம்ஸ் வில்சனும் ஜார்ஜ் கெல்லிங்கும் எழுதின "உடைந்த ஜன்னல்கள்" கட்டுரை, சின்னச் சின்ன ஒழுங்கின்மையைக் கண்டுக்காம விட்டா பெரிய குற்றம் வரும்னு வாதாடியது. அந்த வாதம் உலகம் முழுக்கப் பரவியது. கடைசியில 1989-ல நியூயார்க் சப்வே, கிராஃபிட்டி உள்ள பெட்டியை ஓட்டுவதையே நிறுத்தியது. சிங்கப்பூர்ல 1994-ல மைக்கேல் ஃபே என்ற அமெரிக்க இளைஞனுக்கு, கார்கள் மேல பெயின்ட் அடிச்ச வழக்கில் பிரம்படி தண்டனையே கொடுத்தாங்க.

நம்ம ஊர்ல அந்த மாதிரி கிராஃபிட்டி குறைவு. 2022-ல அகமதாபாத் மெட்ரோ ரயில்ல ஸ்ப்ரே பண்ணினதுக்காக நாலு பேரைக் கைது பண்ணாங்க. நாலு பேருமே இத்தாலியில இருந்து வந்தவங்க.

அதுக்காக நம்ம சுவர் சும்மா இருக்குன்னு அர்த்தம் இல்லை. சென்னையில ஒரு சுவர் காலியா இருந்தா, ஒரு ராத்திரிக்கு மேல தாங்காது. பிறந்தநாள் வாழ்த்து, பட ரிலீஸ், கண்ணீர் அஞ்சலி. மைதா பசை வாளியும் ஏணியுமா டிவிஎஸ் எக்ஸெல்ல நடுராத்திரி வந்து ஒட்டிட்டுப் போயிடுவாங்க. காலையில மாடு வந்து தின்னும். சுவரோரம் யாரும் சிறுநீர் கழிக்காம இருக்கப் பிள்ளையார், மாதா, மெக்கா மூணு டைல்ஸையும் பக்கத்துல பக்கத்துல பதிச்சு வெச்சிருப்பாங்க. இதை யாரும் கிராஃபிட்டின்னு சொல்றதில்லை. ஆனா இதெல்லாமே சுவரைப் பயன்படுத்துறதுதான்.

சுவர் பிடிக்கிறது

இதுல ரொம்ப முக்கியமானது கட்சிச் சுவர் எழுத்து. தேர்தலுக்கு ரொம்ப நாள் முன்னாடியே கட்சிக்காரங்க "சுவர் பிடிப்பாங்க". வெள்ளை அடிச்சு, ஓரத்துல கட்சிப் பெயரையும் வருஷத்தையும் எழுதிட்டா, அந்தச் சுவர் "புக்" ஆயிடுச்சுன்னு அர்த்தம். இன்னொரு கட்சி அதைத் தொடாது. வீட்டுக்காரரைக் கேட்கிறதும் உண்டு, கேட்காததும் உண்டு. கேட்டாலும், வட்டத்துல செல்வாக்கான ஒருத்தர் நாலு பேரோட வந்து "அண்ணே, சுவர்ல நம்ம சின்னம் வரையலாமா?"ன்னு கேட்டா, முடியாதுன்னு சொல்ல எத்தனை பேருக்குத் தைரியம் வரும்?

சட்டம் இல்லாம இல்லை. பொது இடங்களின் தோற்றத்தைக் கெடுக்கிற விளம்பரங்களுக்கு எதிராக இந்த மாநிலத்தில் 1959-லேயே ஒரு சட்டம் வந்துவிட்டது. அறுபத்தைந்து வருஷத்துக்கும் மேல ஆகுது. தேர்தல் அறிவிச்ச உடனே தேர்தல் ஆணையமும் கெடு வைக்கும்: அரசுக் கட்டடங்கள்ல இருக்கிற அரசியல் எழுத்து, போஸ்டர் எல்லாம் 24 மணி நேரத்துல போகணும், பஸ் ஸ்டாண்டு, ரயில் நிலையம் மாதிரி பொது இடங்கள்ல 48 மணி நேரம், விதியை மீறித் தனியார் சுவர்ல இருக்கிறதுக்கு 72 மணி நேரம். அந்த மூணு நாள்ல மட்டும் சென்னைச் சுவர்கள் வெள்ளை வெளேர்னு இருக்கிறதைப் பார்த்திருப்பீங்க. சட்டத்தால முடியும்னு அந்த மூணு நாள் காட்டுது. மீதி நாட்கள்ல அது ஏன் நடக்கிறதில்லைங்கறது வேற கேள்வி.

இன்னொரு பக்கமும் இருக்கு. பேப்பர்ல இடம் கிடைக்காதவங்களுக்கு, ரேடியோவில் பேச முடியாதவங்களுக்குச் சுவர்தான் ஊடகமா இருந்தது. 1952 ஆகஸ்ட் 1-ல் பெரியாரின் திராவிடர் கழகம், ரயில் நிலையப் பலகைகளில் இருந்த இந்தி எழுத்துகளைத் தார் பூசி அழிக்கும் போராட்டத்தை நடத்தியது. 1953 ஜூலை 15-ல் டால்மியாபுரம் ரயில் நிலையப் பலகையில் "கல்லக்குடி" என்று எழுதிய தாளை ஒட்டிவிட்டு, தோழர்களோடு தண்டவாளத்தில் படுத்தார் கருணாநிதி. அன்னைக்கு அது குற்றம். சிறைத் தண்டனையும் கிடைத்தது. பிற்காலத்தில் அதே கல்லக்குடி அவருடைய அரசியல் வாழ்க்கையின் முதல் அத்தியாயமாச் சொல்லப்பட்டது. ஊர்ப் பெயரும் மாறியது.

2025 பிப்ரவரியில் பொள்ளாச்சி, பாளையங்கோட்டை ரயில் நிலையங்கள்ல மறுபடியும் இந்தி எழுத்து மேல கறுப்பு மை பூசினாங்க. வழக்கும் பதிவாச்சு. "பொதுச் சொத்தை நாசம் பண்றாங்க"ன்னு ஒரு பக்கம், "உரிமைப் போராட்டம்"னு இன்னொரு பக்கம். ரெண்டு பக்கமும் பூசின கறுப்பைப் பத்தி சண்டை போடலை, பூசினவங்களோட கோரிக்கையைப் பத்தித்தான் சண்டை போட்டாங்க.

அண்ணா சாலை வெள்ளையானப்போ

2009 வாக்கில் சென்னை மாநகராட்சி ஒரு முடிவு எடுத்தது. அப்போ மேயர் மா. சுப்பிரமணியன். அண்ணா சாலை, காமராஜர் சாலைச் சுவர்களில் போஸ்டர் ஒட்டத் தடை. ஒட்டாம இருக்க என்ன வழி? படம் வரைஞ்சுட்டாங்க. கோயில் கோபுரம், பரதநாட்டியம், ஜல்லிக்கட்டு, கிராமத்துக் காட்சின்னு நீளமாப் போகும். எனக்கு அப்போ சின்ன வயசு. 18 நம்பர் பஸ்ஸில ஜன்னல் ஓரம் உட்கார்ந்து அந்தப் படங்களை எண்ணிக்கிட்டே போவேன்.

அதை வரைஞ்சவங்க யார்னு எனக்கு ரொம்ப நாள் கழிச்சுத்தான் தெரிஞ்சது. அவங்கள்ல பலர் சினிமா பேனர் ஓவியர்கள். ஒரு காலத்துல இதே அண்ணா சாலையில நாற்பதடி, ஐம்பதடி கட்அவுட்ல எம்ஜிஆரையும் ரஜினியையும் கையால வரைஞ்சவங்க. ஃப்ளெக்ஸ் பிரிண்டிங் வந்ததும் சில வருஷத்துல அந்தத் தொழிலே போச்சு. பிழைப்பு இல்லாம இருந்தவங்களுக்கு மாநகராட்சிச் சுவர் கொஞ்ச நாள் வேலை கொடுத்தது. அது நல்ல விஷயம்.

ஆனா மானுடவியல் ஆய்வாளர் ரூஸ் கெரிட்சன் இந்த மாற்றத்தைப் பத்தி எழுதினப்போ இன்னொண்ணைக் கவனிச்சாங்க. ரசிகர் மன்றப் படங்களும் கட்சிப் படங்களும் இருந்த இடத்துல, பழம்பெருமையும் பாரம்பரியமும் வந்து உட்கார்ந்துக்கிச்சு. நகரம் எப்படித் தெரியணும்னு ஒரு கணக்கு அதுல இருந்தது. இதை யோசிச்சுப் பாருங்க. அந்தச் சுவர்ல தெருக்கூத்துக்காரர் இருந்தார், காளையை அடக்குற வீரர் இருந்தார். ஆனா அந்தச் சுவரோரம் பிளாட்பாரத்துல தூங்குறவர் படத்துல இல்லை.

2022 ஜூலையில செஸ் ஒலிம்பியாடுக்காக நேப்பியர் பாலத்தையே கறுப்பு வெள்ளைக் கட்டமா மாத்தினது உங்க எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். பாதிப் பேர் வண்டியை ஓரங்கட்டி ரீல்ஸ் எடுத்தோம். சிலர் "வண்டி ஓட்டும்போது கண்ணைக் கட்டுது"ன்னும் சொன்னாங்க. ஆனா "யாரைக் கேட்டு பாலத்துல பெயின்ட் அடிச்சீங்க?"ன்னு என் காதுபட யாரும் கேட்கலை. அரசாங்கம் அடிச்சா அந்தக் கேள்வி நமக்குத் தோணுறதே இல்லை. தப்புன்னு சொல்ல வரலை. தோணுறதில்லை, அவ்வளவுதான்.

கண்ணகி நகர்

இப்போ கொஞ்சம் தெற்கே போகணும். அதுக்குக் காரணம் இருக்கு. 2015 வெள்ளத்துக்கு அப்புறம் அடையாறு கரையில குடிசை போட்டிருந்த குடும்பங்கள் பலதைப் பெரும்பாக்கம், ஒக்கியம் துரைப்பாக்கம் பக்கம் மாத்தினாங்க. எங்க தெருவைத் தாண்டி ஆத்தோரம் இருந்தவங்களும் அப்படிப் போனாங்க. ஒரே வெள்ளம்தான். நாங்க வெள்ளை அடிச்சுட்டு அதே வீட்டுல இருக்கோம். அவங்க இருபது கிலோமீட்டர் தள்ளி இருக்காங்க.

அந்தப் பக்கத்துல முதல்ல உருவானது கண்ணகி நகர். 2000-வாக்கில் இருந்து, நகரத்துக்குள்ள குடிசைகள்ல இருந்தவங்களை அப்புறப்படுத்திக் குடிவெச்ச இடம். குடிசை மாற்று வாரியம் கட்டின அடுக்குமாடி வீடுகள். வேலைக்கும் ஸ்கூலுக்கும் தூரம், தண்ணிப் பிரச்சினை, இதெல்லாம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் அந்தப் பேரோட சுமை. இன்டர்வியூவுல அட்ரஸ் சொன்னா முகம் மாறுதுன்னு அங்க இருக்கிற பசங்க பல வருஷமா சொல்லிட்டு வர்றாங்க. சிலர் துரைப்பாக்கம்னு மட்டும் சொல்லிச் சமாளிப்பாங்க.

2020 தொடக்கத்தில் அங்க ஸ்டார்ட் இந்தியா அறக்கட்டளையும் ஏஷியன் பெயின்ட்ஸும் மாநகராட்சியோட சேர்ந்து, அடுக்குமாடிகளோட பக்கச் சுவர்கள்ல பெரிய பெரிய ஓவியங்கள் வரைஞ்சாங்க. டெல்லி லோதி காலனியில இவங்க பண்ணினது மாதிரி இங்கேயும் ஒரு "ஆர்ட் டிஸ்ட்ரிக்ட்". அதே வருஷக் கடைசியில இந்திரா நகர் பறக்கும் ரயில் நிலையத்திலும், எச்ஐவி உள்ளவங்களை ஒதுக்கி வைக்கிறதுக்கு எதிரா, சென்னை ஓவியர் ஏ-கில்லும் டெல்லியைச் சேர்ந்த கத்ராவும் பிரம்மாண்டமா மனுஷ முகங்களை வரைஞ்சாங்க. அடையாறு பக்கம் போனா நின்னு பாருங்க.

கண்ணகி நகர் ஓவியங்களைப் பத்தி ரெண்டு விதமாப் பேசுவாங்க. "குற்றம்னு மட்டுமே செய்தியில வந்த ஊருக்கு முதல் தடவையா கேமரா தூக்கிட்டு வெளியாட்கள் வந்தாங்க, அது சின்ன விஷயமா?"ன்னு ஒரு பக்கம். "குழாயில தண்ணி வரலை, லிஃப்ட் இல்லை, சுவர்ல மட்டும் கலர் எதுக்கு?"ன்னு இன்னொரு பக்கம். நான் ரொம்ப நாள் ரெண்டாவது கட்சிதான். ட்விட்டர்ல அப்படித்தான் எழுதிக்கிட்டிருந்தேன்.

அப்புறம் ஒரு நாள் நேர்ல போனேன். ஒரு ஓவியத்துக்குக் கீழ கேரம் விளையாடிக்கிட்டிருந்த பையன்கிட்ட, "இது பிடிச்சிருக்கா?"ன்னு கேட்டேன். "பிடிச்சிருக்குக்கா. ஃப்ரெண்ட்ஸுக்கு வீட்டு வழி சொல்ல ஈஸி"ன்னான். "முன்னாடி எந்த பிளாக்னு நம்பர் சொல்லணும். இப்போ படத்தைச் சொன்னா போதும்." நான் எதிர்பார்த்துட்டுப் போன ரெண்டு பதிலுமே அவன்கிட்ட இல்லை. அவனுக்கு அது அவன் வீட்டு அடையாளம்.

ஒரு சுவர் ஓவியத்தால ஒரு ஊர்ப் பேரோட கறையைத் துடைச்சுட முடியும்னு நான் நம்பலை. 2025 அக்டோபர்ல பஹ்ரைன்ல நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுல இந்திய மகளிர் கபடி அணி தங்கம் வாங்கினப்போ, அந்த அணியில இருந்த கார்த்திகாவை ஊரே "கண்ணகி நகர் கார்த்திகா"ன்னு கொண்டாடுச்சு. எந்த மியூரலையும் விட அந்தப் பேர் தூரமாப் போச்சு. ஆனா படம் வேண்டாம்னு சொல்ற உரிமையும் வேணும்னு சொல்ற உரிமையும் அந்தப் படத்துக்குக் கீழ வாழறவங்களுக்குத்தான் முதல்ல இருக்கு. எனக்கு இல்லை.

படம் யாருக்குச் சொந்தம்?

சட்டம் இதுல என்ன சொல்லுதுன்னு பார்த்தப்போ சில வழக்குகள் கிடைச்சது.

டெல்லி விஞ்ஞான் பவனில் அமர்நாத் சேகல் என்ற சிற்பி ஒரு பிரம்மாண்டமான வெண்கல மியூரல் செய்து கொடுத்திருந்தார். அரசு கேட்டுச் செய்தது, அரசோட கட்டடம். 1979-ல புதுப்பிக்கிறோம்னு அதைக் கழற்றி எடுத்துக் கிடங்குல போட்டுட்டாங்க. சிலது உடைஞ்சது, சிலது காணாமப் போச்சு. சேகல் வழக்குப் போட்டார். காசு வாங்கிட்டுச் செஞ்ச படைப்பு, சுவரும் உன்னோடது இல்லை, உனக்கு என்ன உரிமைங்கறதுதான் கேள்வி. 2005-ல டெல்லி உயர் நீதிமன்றம் சிற்பி பக்கம் தீர்ப்பு சொன்னது. காப்புரிமைச் சட்டத்தின் 57-ஆவது பிரிவுப்படி படைத்தவருக்குத் தனி உரிமை உண்டு. படைப்பை வித்துட்டாலும் அது போகாது. 5 லட்சம் ரூபாய் இழப்பீடு, மிச்சம் இருக்கிற பாகங்களைத் திருப்பிக் கொடுக்கணும்னு உத்தரவு.

நியூயார்க்ல ஃபைவ் பாயின்ட்ஸ்னு ஒரு பழைய தொழிற்சாலைக் கட்டடம். உரிமையாளர் சம்மதத்தோட பல வருஷம் கிராஃபிட்டி கலைஞர்கள் வரைஞ்ச இடம். 2013-ல ஒரே ராத்திரியில உரிமையாளர் எல்லாத்துக்கும் வெள்ளை அடிச்சுட்டார். 2018-ல நீதிமன்றம் 21 கலைஞர்களுக்கு 67.5 லட்சம் டாலர் கொடுக்கச் சொன்னது. கட்டடத்தை இடிச்சு வேற கட்டிக்கலாம். ஆனா முன்னறிவிப்புக் கொடுக்காம, அவங்க வந்து கடைசியா போட்டோ எடுக்கக்கூட வாய்ப்புக் கொடுக்காம அழிச்சதை நீதிபதி சும்மா விடலை.

எல்லா வழக்கும் இப்படி முடியலை. டெல்லியில ராஜ் ரேவல் வடிவமைச்ச ஹால் ஆஃப் நேஷன்ஸ் கட்டடத்தை 2017-ல இடிச்சதுக்கு அவர் போட்ட வழக்கை, 2019-ல அதே உயர் நீதிமன்றம் ஏத்துக்கலை. நிலத்துக்குச் சொந்தக்காரருக்குத் தன் கட்டடத்தை முழுசா இடிக்க உரிமை உண்டுன்னு சொல்லிடுச்சு.

எங்க இஸ்திரி அண்ணனுக்கு இந்த எந்தச் சட்டமும் பொருந்தாது. அவர் அனுமதி வாங்கலை. ஒரு கோடும் ஒரு தேதியும் கலைப்படைப்பான்னு கேட்டா எந்த வக்கீலும் சிரிப்பார். ஆனா ஃபைவ் பாயின்ட்ஸ் தீர்ப்பைப் படிக்கும்போது எனக்குச் சுருக்குன்னு குத்தின இடம் அந்த "முன்னாடியே சொல்லலை"ங்கறதுதான். எங்க சுவரை ஒட்டியே நாள் முழுக்க நிக்கிற மனுஷன்கிட்ட, "அண்ணே, கோட்டை அழிக்கப் போறோம்"னு ஒரு வார்த்தை சொல்ல எங்களுக்கு என்ன கஷ்டம்? கட்சிக்காரங்க எழுதியிருந்தா சொல்லாம அழிச்சிருப்போமா? நிச்சயம் மாட்டோம். வட்டச் செயலாளருக்கு அப்பா நாலு தடவை போன் பண்ணியிருப்பார்.

எதை வெச்சு முடிவு பண்றோம்னு ஆரம்பத்துல கேட்டேன் இல்லையா? எனக்குக் கிடைச்ச பதில் அதுதான். அழகா இருக்கா, சட்டப்படி இருக்கா, இதெல்லாம் நாம அப்புறம் சொல்லிக்கிற காரணம். முதல்ல பார்க்கிறது, எழுதினவருக்குப் பின்னாடி யார் நிக்கிறாங்கன்னு. ஆள் பலம் இருந்தா சகிச்சுக்கிறோம். அரசாங்கமோ கம்பெனியோ இருந்தா ரசிக்கிறோம். யாரும் இல்லைன்னா அதுக்குக் கிறுக்கல்னு பேர் வெச்சு அழிச்சுடறோம்.

மறுபடியும் தண்ணி

2023 டிசம்பர் 3, 4. மிக்ஜாம் புயல். சாயங்காலம் ஆரம்பிச்ச மழை விடவே இல்லை. கரன்ட் இல்லை, டவர் இல்லை. தெருவுல தண்ணி ஏற ஆரம்பிச்சது. கீழ் போர்ஷன்ல புதுசா கல்யாணம் ஆனவங்க, ஊருக்குப் புதுசு. "அங்கிள், எது வரைக்கும் வரும்? சாமானெல்லாம் மேல ஏத்தணுமா?"ன்னு கேட்டாங்க.

நாங்க மூணு பேரும் டார்ச் அடிச்சுச் சுவரைப் பார்த்தோம். அப்பா ஒரு உயரம் காட்டினார். அம்மா, "இல்லைங்க, கேட்டுத் தாழ்ப்பாள் வரைக்கும் வந்துச்சு"ன்னாங்க. நான் ரெண்டுக்கும் நடுவுல ஏதோ சொன்னேன். எட்டு வருஷத்துல மூணு பேருக்கும் மூணு வெள்ளம். சுவர் மட்டும் சுத்தமா, நான் செலக்ட் பண்ணின கலர்ல இருந்தது.

அந்த நேரத்துல இஸ்திரி அண்ணே முழங்கால் தண்ணியில வண்டியைத் தள்ளிக்கிட்டு மேட்டுப் பக்கம் போயிட்டிருந்தார். அப்பா கேட்டார். அவர் யோசிக்கவே இல்லை. வந்து கேட்டோட மேல் கீல்ல கையை வெச்சு, "இங்க சார்"ன்னார். அந்தத் தம்பதியோட சாமான் முழுக்க மாடிக்கு ஏறுச்சு. நல்ல வேளையா, அந்தத் தடவை தண்ணி அவ்வளவு வரலை. கீழ் வீட்டு வாசப்படியோட நின்னுடுச்சு.

அப்புறம் ஒரு நாள் அவர்கிட்ட கேட்டேன். "அண்ணே, அன்னைக்கு ஏன் கோடு போட்டீங்க?" பெரிய பதில் எதையோ எதிர்பார்த்தேன். "சேத்துக் கறை மழையில போயிடும் பாப்பா. அடுத்த தடவை வண்டியை எப்போ நகர்த்தணும்னு தெரியணும்ல?"ன்னார்.

பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளை அடிக்கிற நேரத்துல அப்பா போய், "கோட்டைத் திரும்பப் போட்டுடுப்பா"ன்னு அவர்கிட்ட சொன்னார். அவர் வேலையை நிறுத்தாமலே, "உங்க சுவர் சார். நீங்களே போடுங்க"ன்னுட்டார். கோபமாச் சொல்லலை. ஆனா அப்பா கொஞ்ச நேரம் அங்கேயே நின்னார்.

கடைசியில அப்பாவே டேப், ஸ்கேல் எல்லாம் வெச்சு, சிவப்பு பெயின்ட்ல கோடு போட்டார். தேதியும் எழுதினார். வண்டிக்குப் பின்னாடி இருந்து பார்த்துக்கிட்டே இருந்த இஸ்திரி அண்ணே, முடிச்சதும் பக்கத்துல வந்தார். "கோடு நேரா இருக்கு சார். ஆனா ரெண்டு இன்ச் கம்மி."

அப்பா அழிச்சுட்டு, ரெண்டு இன்ச் ஏத்திப் போட்டார்.

கீழ் வீட்டுக்கு யாராவது வாடகை கேட்டு வந்தா, இப்போ அப்பாவே முதல்ல கோட்டைக் காட்டிடுறார். ஒருத்தர் கேட்டுட்டுத் திரும்பிப் போயிட்டார். இன்னொருத்தர் பைக்கை எங்க நிறுத்தறதுன்னு மட்டும் கேட்டார்.

உங்க தெருச் சுவர்ல என்ன எழுதியிருக்கு? யார் எழுதினது, யாரைக் கேட்டு, அழிச்சா யாருக்கு வலிக்கும்? அடுத்த தடவை கடந்து போகும்போது ஒரு நிமிஷம் நின்னு பாருங்க. பார்த்ததை எங்களுக்கும் சொல்லுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.